ரெண்டாம் கட்டுக்கு நெட் வரலைன்னா பிளான் மேல பழி போடாதீங்க

கேள்வி: அண்ணா வணக்கம். காரைக்குடி பக்கம் எங்களோடது பழைய வீடு, வாசல் பக்கம் முகப்பு, நடுவுல முற்றத்தோட வளவு, அதுக்குப் பின்னாடி ரெண்டாம் கட்டுன்னு நீளமா போகும். நான் சென்னை கம்பெனி ஒண்ணுக்கு வீட்ல இருந்தே வேலை பாக்குறேன், என் ரூம் ரெண்டாம் கட்டுல இருக்கு. கேபிள்காரர்கிட்ட 100 எம்பிபிஎஸ் ஃபைபர் போட்டிருக்கோம், மோடம் முகப்புல மீட்டர் போர்டு பக்கத்துல இருக்கு. காலையில அங்க நின்னு ஃபோன்ல டெஸ்ட் பண்ணா 90க்கு மேல காட்டுது, என் ரூம்ல 6 வந்தா பெருசு. சாயங்காலம் ஆச்சுன்னா அதுவும் இல்ல, மீட்டிங்ல உங்க வாய் மட்டும் அசையுது சத்தம் வரலன்னு சொல்றாங்க. மழை பெஞ்சா சுத்தமா கட். கேபிள்காரர் 200 பிளானுக்கு மாறிக்கங்கன்றார். கடையில எக்ஸ்டெண்டர்னு ஒண்ணு குடுத்தாங்க, அதை என் ரூம்லயே மாட்டினேன், சிக்னல் ஃபுல்லா காட்டுது ஆனா ஸ்பீடு அதே தான். சிங்கப்பூர்ல இருக்குற தம்பி வீட்டைப் பாத்துக்கணும்னு நாலு வைஃபை கேமரா வேற மாட்டிட்டுப் போயிருக்கான். 200 பிளான் எடுக்கவா வேண்டாமா?

பதில்: அண்ணான்னு எழுதிட்டீங்க, அதனால நானும் தங்கச்சின்னே வச்சுக்குறேன். கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், 200 எடுக்காதீங்க, அதாவது இப்போதைக்கு எடுக்காதீங்க. ஏன்னு உங்க லெட்டர்லயே இருக்கு, முகப்புல நின்னா 90, ரெண்டாம் கட்டுல 6. அப்படின்னா தெருவுல இருந்து உங்க வீட்டு வாசப்படி வரைக்கும் நெட் ஒழுங்கா வந்து சேர்ந்துடுச்சு, வாசப்படியில இருந்து உங்க மேஜைக்கு நடந்து வர்றதுக்குள்ள தான் மூச்சு வாங்கிப் படுத்துடுது. மாடித் தொட்டி நிறைய தண்ணி இருக்கு, கொல்லைப்புறக் குழாயில மட்டும் சொட்டுதுன்னு சொன்னா யாராவது இன்னொரு தொட்டி வாங்கி வைப்பாங்களா?

இன்னொண்ணு, உங்களுக்கு இருக்குறது ஒரு வியாதி இல்ல, மூணு. ரூம்ல ஸ்பீடு இல்லாதது ஒண்ணு, சாயங்காலம் படுக்குறது ஒண்ணு, மழைக்கு கட் ஆகுறது ஒண்ணு. மூணுக்கும் காரணம் வேற வேற. மூணுக்கும் சேர்த்து அந்த மனுஷன் 200 எம்பிபிஎஸ்னு ஒரே மாத்திரையைக் குடுக்கப் பாக்குறார்.

முதல்ல அந்த ரூம் சமாச்சாரம். உங்க ஊர்ப்பக்கம் வீடுங்களை நான் பாத்திருக்கேன், சில வீடு முன்வாசல் ஒரு தெருவுலயும் பின்வாசல் அடுத்த தெருவுலயும் இருக்கும், நடுவுல செங்கலும் சுண்ணாம்பும் வச்சு கட்டின தடிச் சுவரு எத்தனைன்னு எண்ணிக்கிட்டே போகலாம். வெயிலுக்கு அது சொர்க்கம், வைஃபைக்கு நரகம். உங்க மோடத்துல ரெண்டு அலை வருது, 5 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணு, 2.4 ஒண்ணு. 5 வேகமா ஓடும் ஆனா சுவரைக் கண்டா நின்னுடும், 2.4 மெதுவா போகும் ஆனா சுவரைத் தாண்டி கொஞ்ச தூரம் முட்டி மோதிப் போகும். நீங்க முகப்புல நின்னு டெஸ்ட் பண்ணப்போ ஃபோன் பிடிச்சது 5, ரூம்ல பிடிக்கிறது 2.4ஓட கடைசி மூச்சு. அதோட மோடம் மீட்டர் போர்டு பக்கத்துலன்னு எழுதியிருக்கீங்க, அந்த இரும்புப் பொட்டி ஒரு பக்கம் மறைக்கும், முகப்புல பழைய பெல்ஜியம் கண்ணாடி ஏதாவது பெருசா மாட்டியிருந்தா அதுக்குப் பின்னாடி இருக்குற ரசம் பூச்சு அலையை அப்படியே திருப்பி விடும், இரும்பு பீரோவும் அப்படித்தான். ஒரு வீட்ல மோடத்தை ஷோகேஸ்ல வச்சு முன்னாடி பித்தளை குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம்னு வரிசையா அடுக்கி வச்சுட்டு சிக்னல் வரலன்னு என்னைக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு நான் பாத்த வேலை அந்தத் தாம்பாளத்தை நகத்தி வச்சது தான், காபி குடுத்து அனுப்பினாங்க.

எக்ஸ்டெண்டர் விஷயத்துல கடைக்காரர் பொய் சொல்லல, மாட்டுற இடத்தைச் சொல்லல, அவ்வளவு தான். அது தானா நெட்டை உருவாக்குற மெஷின் இல்லங்க, காதுல விழுறதை திருப்பி சத்தமா சொல்ற ஆளு. உங்க ரூம்ல மாட்டினா அதுக்கே அரைகுறையா தான் காதுல விழுது, அந்த அரைகுறையைத் தான் லவுட்ஸ்பீக்கர் வச்சு உங்களுக்குச் சொல்லுது, அதனால தான் சிக்னல் கோடு ஃபுல்லா இருக்கு, ஸ்பீடு 6. ஃபோன்ல காட்டுற கோடு உங்களுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல உள்ள உறவு மட்டும் தான், எக்ஸ்டெண்டருக்கும் மோடத்துக்கும் என்ன லட்சணம்னு அது காட்டாது. வளவுல பாதி தூரத்துல மாட்டினா கொஞ்சம் தேறும். ஆனா ஒரே அலையிலயே கேட்டு அதே அலையிலயே திருப்பிச் சொல்ற விலை கம்மியான மாடலா இருந்தா ஸ்பீடு பாதி அங்கயே போயிடும்.

சரி, இனிமே எதை மாத்துறதுக்கு முன்னாடியும் ஒரு டெஸ்ட் பண்ணுங்க, இதை மட்டும் தயவுசெஞ்சு சோம்பேறித்தனம் படாம பண்ணுங்க, ஏன்னா நானே ஒரு தடவை இதைப் பண்ணாம ஒருத்தர் வீட்ல ரெண்டு ரவுட்டர் மாத்தினேன், கடைசியில பாத்தா பீரோவைச் சுவரோட ஒட்டித் தள்ளினதுல பின்னாடி ஃபைபர் நசுங்கி மடிஞ்சு கிடந்தது. விண்டோஸ் லேப்டாப்ல கமாண்ட் ப்ராம்ப்ட்னு தேடி அந்தக் கறுப்பு ஜன்னலை ஓபன் பண்ணுங்க, அதே மாதிரி ரெண்டு ஜன்னல் பக்கத்துல பக்கத்துல வைங்க. ஒண்ணுல பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஸ்பேஸ் விட்டு 192.168.1.1, அப்புறம் ஸ்பேஸ் விட்டு மைனஸ் டி (ping 192.168.1.1 -t). இது உங்க மோடத்தோட நம்பர், சில கம்பெனி மோடத்துல 192.168.0.1 மாதிரி வேற இருக்கும், அடியில ஸ்டிக்கர்ல பாருங்க. இன்னொண்ணுல அதே மாதிரி 8.8.8.8, அது கூகுளோட நம்பர். ரெண்டும் நொடிக்கு ஒரு வரி எழுதிக்கிட்டே போகும். அதை ஓட விட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க, மீட்டிங்ல சத்தம் போச்சுன்னு யாராவது சொன்ன உடனே அந்த ரெண்டு ஜன்னலையும் பாருங்க. மோடத்து ஜன்னல்லயே time=னு வர்ற நம்பர் (பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆச்சுன்னு காட்டுறது) 200, 400ன்னு குதிச்சாலோ டைம் அவுட்னு வந்தாலோ கோளாறு வீட்டுக்குள்ள, கேபிள்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. மோடத்து ஜன்னல் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒழுங்கா எண்ணிக்கிட்டிருக்க, கூகுள் ஜன்னல் மட்டும் தடுமாறினா கோளாறு அனேகமா வெளியில, அப்ப தைரியமா அவரைக் கூப்பிடுங்க. அனேகமான்னு ஏன் சொல்றேன்னா நடுவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அது உங்க தம்பி.

சிரிக்காதீங்க, நிஜமா தான் சொல்றேன். உங்க வாய் அசையுது, சத்தம் போகலன்னா நீங்க அனுப்புறது போய்ச் சேரல, அதாவது அப்லோடு. எல்லாரும் டெஸ்ட் பண்ணி டவுன்லோடு நம்பரை மட்டும் பாத்துட்டு மூடிடுறோம், கீழ இருக்குற அப்லோடு நம்பரை யாரும் பாக்குறதில்ல. வீட்ல சாயங்காலம் என்ன நடக்குதுன்னு யோசிங்க. நம்ம ஊரு அஞ்சரை மணின்னா சிங்கப்பூர்ல ராத்திரி எட்டு. தம்பி வேலை முடிச்சு வந்து சாப்பிட்டுட்டு கால் நீட்டிக்கிட்டு, அப்பத்தா என்ன பண்றாங்கன்னு ஃபோன்ல நாலு கேமராவையும் திறந்து பாக்குற நேரம் அது. ஒரு கேமராவுக்கு ரெண்டுல இருந்து நாலு எம்பிபிஎஸ் வரைக்கும் போகும், கிளவுட்ல சேமிக்கிற டைப்பா இருந்தா அவன் பாத்தாலும் பாக்காட்டியும் போய்க்கிட்டே தான் இருக்கும். அது அப்லோடு வழியை அடைச்சா மோடத்து ஜன்னல் ஒழுங்கா இருக்கும், கூகுள் ஜன்னல் மட்டும் தடுமாறும், ஆனா கோளாறு வீட்டுக்குள்ள தான். இதுல இன்னொரு கொடுமை, வைஃபை கேமரா பெரும்பாலும் 2.4ல மட்டும் தான் வேலை செய்யும். நீங்களும் ரெண்டாம் கட்டுல அதே 2.4ல தான் தொங்கிக்கிட்டு இருக்கீங்க. வைஃபைன்னா ஒரே மைக்கை மாத்தி மாத்தி வாங்கிப் பேசுற கூட்டம் மாதிரி, ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும். சிக்னல் கம்மியா இருக்குற இடத்துல மாட்டின கேமரா மெதுவா இழுத்து இழுத்துப் பேசும், பேசி முடிக்கிற வரைக்கும் மைக்கை விடாது, மத்தவங்க எல்லாம் காத்துக்கிட்டே நிக்கணும். கொல்லைப்புறத்துல ஒரு கேமரா கடைசி கோட்டு சிக்னல்ல இருந்தா அது ஒண்ணே போதும், வீட்ல எல்லாரையும் கெடுக்க.

அதனால இன்னைக்கே தம்பிக்கு ஃபோன் போட்டு ஒரு நாள் சாயங்காலம் கேமராவைப் பாக்காம இருடான்னு சொல்லிட்டு, நாலு கேமராவோட பிளக்கையும் ஒரு மணி நேரம் கழட்டி வச்சுட்டு மீட்டிங் பண்ணிப் பாருங்க. சரியாயிடுச்சுன்னா குற்றவாளி கிடைச்சாச்சு. கேமராவைக் கழட்டிப் போட வேண்டாம், ஆப்ல படத்தோட தரத்தை ஒரு படி குறைச்சு, எப்பவும் ரெக்கார்டுன்றதை மாத்தி யாராவது நடமாடினா மட்டும் ரெக்கார்டுன்னு வைங்க, அப்பத்தா நடந்து போறது அதுலயும் நல்லாவே தெரியும். அதே மாதிரி வீட்ல யாரோட ஃபோனாவது சாயங்காலம் ஃபோட்டோ எல்லாத்தையும் பேக்கப் ஏத்துதான்னும் பாருங்க, அதுவும் இதே வேலை தான் பண்ணும்.

கேமரா இல்லாமயும் சாயங்காலம் இழுத்தா அக்கம்பக்கத்து வைஃபையா இருக்கலாம். 2.4ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11ன்னு மூணு தான், தெருவுல பத்து வீட்டு மோடமும் அதுக்குள்ள தான் அடிச்சுக்கணும். வைஃபை அனலைசர்னு தேடினா ஃபோனுக்கு ஆப் கிடைக்கும், எந்த சேனல்ல கூட்டம் கம்மின்னு பாத்து மோடம் செட்டிங்ல அதை வச்சுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

அதுவும் இல்லைன்னா தான் கேபிள்காரர் கதை. ஜிபான்னு சொல்ற டெக்னாலஜியில ஒரு ஃபைபர்ல சுமார் 2.5 ஜிகாபிட் வரும், அதை ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிப்பாங்க. 64 வீட்டுக்கு ஆளுக்கு 100ன்னா கணக்கு 6.4 ஆகுதே, இருக்குறதே 2.5 தானேன்னு கேட்பீங்க, அது மோசடி இல்ல, எல்லாரும் ஒரே நொடியில முழுசா இழுக்க மாட்டாங்கன்ற நம்பிக்கையில தான் உலகம் முழுக்க இந்த வியாபாரம் நடக்குது. ஊருக்குள்ள பெரும்பாலும் மாட்டிக்கிறது இந்த ஃபைபர் கூட இல்ல, கேபிள்காரர் தனக்கு மேல இருக்குற கம்பெனிகிட்ட மொத்தமா வாங்குற பேண்ட்வித், அதாவது ஊருக்கே சேர்த்து வர்ற நெட்டோட அளவு. கனெக்ஷன் கூடிக்கிட்டே போகும், மேல வாங்குறதைக் கூட்ட மாட்டாங்க, ராத்திரி எட்டுல இருந்து பத்து வரைக்கும் ஊரே மேட்ச் பாக்கும்போது முழி பிதுங்கும். இதைப் பிடிக்கிறதும் சுலபம், லேப்டாப்பை லேன் கேபிள்ல நேரா மோடத்துல மாட்டி, மத்த எல்லாத்தோட வைஃபையையும் ஆஃப் பண்ணிட்டு, காலைல பதினோரு மணிக்கு ஒரு டெஸ்ட், ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டெஸ்ட், இப்படி நாலு நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. காலைல 94, ராத்திரி 20ன்னு வந்தா அந்தப் படங்களை அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க, வாய்ச்சண்டையே தேவையில்ல. அப்பவும் 200 பிளான் எடுத்துப் புண்ணியமில்ல, பஸ்லயே இடமில்லாதப்போ ரெண்டு டிக்கெட் எடுத்த மாதிரி தான் ஆகும்.

94ன்னு ஏன் குறிப்பா சொன்னேன்னா, உங்க மோடத்துல லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் டைப்பா இருந்தா அதுல வர்ற உச்சமே 94, 95 தான். நாளைக்கு நீங்க 200க்குக் காசு கட்டினாலும் அந்த ஓட்டை வழியா அதே 94 தான் வரும். வீட்டு மீட்டிங் ஒண்ணுக்கு மூணு நாலு எம்பிபிஎஸ் போதும், 4கே படத்துக்கே 15 இருந்தா ஓடும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது, அதனால 100ன்றது உங்க வீட்டுக்குத் தாராளம்.

இப்ப மழை. மழைத்தண்ணி ஃபைபருக்குள்ள போற வெளிச்சத்தை ஒண்ணும் பண்ணாது, கெடுறது ஜாயின்ட்ல. கம்பத்துல தொங்குற பொட்டிக்குள்ள தண்ணி இறங்கும், காத்துக்கு ஒயர் இழுபடும், ஏற்கனவே அணில் கடிச்சு வச்ச இடம் விட்டுப்போகும். இல்லைன்னா மழைக்கு தெருவுல கரண்ட் போய், நடுவுல இருக்குற கேபிள்காரரோட மெஷின் பேட்டரி இல்லாம படுத்திருக்கும். எதுன்னு கண்டுபிடிக்க மோடத்துல எல்ஓஎஸ்னு (LOS) ஒரு லைட் இருக்கும் பாருங்க, மழையில நெட் போகும்போது அது சிவப்பா மின்னினா வெளிச்சமே வரலன்னு அர்த்தம், லைன் கோளாறு, இல்ல அந்தப் பக்கத்து மெஷின் கரண்ட் இல்லாம செத்துக் கிடக்குது. சிவப்பு இல்லாம நெட் மட்டும் இல்லைன்னா லைன் இருக்கு, அனேகமா கேபிள்காரர்கிட்டயோ அவருக்கு மேலயோ எங்கயோ அடைப்பு. மோடத்தோட செட்டிங் பேஜ்ல ஆப்டிகல் பவர்னோ ஆர்எக்ஸ் பவர்னோ ஒரு நம்பர் இருக்கும், மோடத்துக்கு வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது, மைனஸ்ல வரும், மைனஸ் கூடக் கூட வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். மைனஸ் 15ல இருந்து 24, 25 வரைக்கும் கவலை இல்ல, மைனஸ் 27ஐத் தொட்டா விளிம்புல நிக்குது. நல்ல வெயில் நாள்ல ஒண்ணு, தூறல் விழும்போது ஒண்ணு எழுதி வைங்க. வெயில்ல 21, மழையில 27ன்னா எங்கயோ ஜாயின்ட் நனையுதுன்னு லைன்மேனுக்குச் சொல்லாமலே புரியும், நீங்களும் எந்த வேலையை முடிக்கச் சொல்றீங்கன்னு தெரிஞ்சு கேக்கலாம். மோடத்துல சொருகுற முனை பச்சையா நீலமான்னும் பாருங்க, மோடத்து ஓட்டையும் அதே கலரா இருக்கணும். பச்சைக்கு முனை எட்டு டிகிரி சாய்ச்சு வெட்டியிருப்பாங்க, நீலம் அப்படி இல்ல, அவசரத்துல ஒண்ணுல இன்னொண்ணைச் சொருகிட்டுப் போற ஆளுங்க இருக்காங்க, வேலை செய்யும், ஆனா வெளிச்சம் பாதி வழியிலயே சிந்தும். மிச்ச ஒயரை ஆணியில இறுக்கிச் சுத்தி வச்சிருந்தா பெரிய வட்டமா தளர்த்தி விடுங்க. கழட்டின முனையைக் கண்ணு பக்கத்துல வச்சு வெளிச்சம் வருதான்னு மட்டும் பாக்காதீங்க, கண்ணுக்குத் தெரியாத லேசர் அது.

அப்ப ரூமுக்கு என்ன தான் வழி? காசு கம்மியா முடியணும்னா கேபிள்காரர்கிட்ட சொல்லி ஃபைபரை முகப்புல இருந்து வளவுக்கு நீட்டி மோடத்தை அங்க உயரமா வைக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் சமமா கிடைக்கும். ஆனா வேலைக்கு நம்பி உக்காரணும்னா முகப்புல இருந்து ரெண்டாம் கட்டுக்கு ஒரு கேட் சிக்ஸ் லேன் கேபிள் இழுத்துடுங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், எந்த வீடா இருந்தாலும் பத்தும். வளவுத் தாழ்வாரத்து ஓரமா, ஓட்டுக்குக் கீழயே கொண்டு போங்க, கரண்ட் ஒயரோட சேர்த்துக் கட்டாதீங்க, வெளிச்சுவர்ல வானம் பாத்த மாதிரியும் போடாதீங்க, இடி மின்னல்ல மோடமும் லேப்டாப்பும் சேர்ந்து போகும். கேபிள் வாங்கும்போது கடையிலயே ஒரு சின்ன ஒயர் நுனியை பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள முழுக்க செம்பு நிறமா இருந்தா வாங்குங்க, மேல செம்பு, உள்ள வெள்ளையா இருந்தா அது அலுமினியத்துக்குப் பூசின செம்பு, விலை கம்மியா தான் இருக்கும், நாளைக்கு வளைவுல முறியும்.

உங்க ரூம்ல அந்தக் கேபிளை லேப்டாப்ல நேரா மாட்டிடுங்க, மீட்டிங் முழுக்க வைஃபையே வேண்டாம். ஃபோனுக்கும் அங்க வைஃபை வேணும்னா புதுசா எதுவும் வாங்காதீங்க, திட்டிக்கிட்டு இருக்கீங்களே அந்த எக்ஸ்டெண்டர், அதோட அடியில லேன் ஓட்டை இருக்கான்னும் செட்டிங்ல ஆக்சஸ் பாயின்ட்னு ஒரு மோட் இருக்கான்னும் பாருங்க, நிறைய மாடல்ல இருக்கும். இருந்தா கேபிளை அதுல சொருகி அந்த மோடுல போட்டுடுங்க, அப்புறம் அது அரைகுறையா காதுல விழுந்ததைச் சொல்லாது, கேபிள்ல வர்றதை அப்படியே குடுக்கும். லேப்டாப்புக்கும் அதுக்கும் ஒரே கேபிள்ல எடுக்கணும்னா நடுவுல அஞ்சு போர்ட் ஸ்விட்ச் ஒண்ணு வச்சுக்கங்க, அது சின்ன டிஃபன் பாக்ஸ் அளவு தான் இருக்கும்.